நற்பெயர் என்னும் முதல்

பட்டம் பெற்றபின் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவதாகக் கூறும் மாணவரிடம் நாம் கேட்கும் முதல் வினா, "முதலுக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்பதே. பணமாகிய முதலைக் கருதியே அவ்வினா எழுகிறது. "உன்னை யார் யாருக்குத் தெரியும்? உன் வேலையை நம்பி முதலில் உன் கடைப்படி ஏறப் போகிறவர் யார்?" என்று கேட்போர் அரியர். வாடகைக்கும் சரக்குக்கும் பணம் இருந்தும், தம்மை அறிந்தவர் இல்லாமையால் வாடிப்போகும் கடைகளை ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம்.

பெருநிறுவனங்கள் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்து மக்களிடம் அறிமுகமாகின்றன. தெருமுனையில் தையற்கடையோ, அச்சகமோ, பழுதுபார்க்கும் பட்டறையோ வைத்திருப்பவர்க்கு அவ்வசதி இல்லை. தம் தொழிலைத் தாமே பிறர் அறியச் செய்தல் வேண்டும். ஈண்டு இருவகைத் தடுமாற்றம் நேர்கிறது. தம்மைப் பற்றித் தாமே பேசுதல் பண்பன்று என நாணி வாளா இருப்போர் ஒரு சாரார். தம்மைவிட்டால் ஆளில்லை என்று பறைசாற்றிக் கேட்போர்க்குச் சலிப்பூட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறி ஒன்று உண்டு. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளினின் இளமைக்கால வாழ்வு அந்நெறியை விளக்க வல்லது.

பிராங்க்ளின் என்றதும் இடிதாங்கியும் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையும் நினைவுக்கு வரும். அப்புகழுக்கெல்லாம் முன்னர் அவர் கடன்பட்டுத் தொழில் தொடங்கிய ஒரு சிறுதொழிலர் என்பதே இக்கட்டுரையின் பொருளுக்கு உரியது. தம் மகனுக்கு எழுதும் மடலாக 1771ஆம் ஆண்டில் தொடங்கிய தன்வரலாற்றில் அந்நாட்களை அவரே விரிவாகக் கூறியுள்ளார்.

தொடக்கச் சூழல்

பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பதினேழு மக்கள் பிறந்த அவ்வீட்டில் இவர் பதினைந்தாமவர். பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயில விடப்பட்டார். 1723ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், உற்றார் ஒருவரும் இல்லாத பிலடெல்பியா நகருக்கு வந்து சேர்ந்தார். கூலிக்கு வேலை செய்தார். இலண்டன் சென்று அச்சுத்தொழிலில் மேலும் தேர்ந்து திரும்பினார். 1728ஆம் ஆண்டில் ஹியூ மெரெடித் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து அச்சுக்கூடம் திறந்தார். முதலீடு மெரெடித்தின் தந்தையார் அளிப்பதாக ஒப்புக்கொண்டது.

அந்நகரில் முன்னரே கீமர், பிராட்போர்டு என்னும் இருவர் அச்சுத்தொழில் நடத்தி வந்தனர். மூன்றாவது அச்சுக்கூடம் நிலைக்காது என்பதே வணிகர் மன்றத்தில் பலரும் கூறிய கருத்து. பணமும் தம்முடையதன்று, ஊரும் தம்முடையதன்று, தேவையும் குறைவு. இந்நிலையில் அவர் எவ்வாறு நிலைபெற்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

கடைக்கு முன்னரே அமைந்த கூட்டம்

அச்சுக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஆண்டாகிய 1727இலேயே பிராங்க்ளின் தம் நண்பர்களைச் சேர்த்து ஜண்டோ என்னும் பெயரில் ஒரு சிறு கழகத்தை அமைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர்கள் கூடினர். பத்திரம் நகலெடுப்பவர், கண்ணாடி பொருத்துபவர், நில அளவையாளர், செருப்புத் தொழிலாளர், தச்சர், வணிகரின் எழுத்தர் எனப் பல தொழிலினரும் அதில் இருந்தனர். உறுப்பினர் பன்னிருவர்க்கு மேற்படலாகாது என வரையறுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் மேலும் பலர் சேர விரும்பியபோது, கழகத்தைப் பெருக்காமல், உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே கிளைக் கழகம் அமைக்கலாம் எனப் பிராங்க்ளின் கருத்துரைத்தார். அவ்வாறே ஐந்தாறு கிளைகள் தோன்றின.

அக்கழகத்தில் ஒழுக்கம், அரசியல், இயற்கை அறிவு ஆகியன பற்றி உரையாடினர். நான் கூறுவதே சரி என்று அடித்துப் பேசுவதும், பிறர் சொல்லை நேருக்கு நேர் மறுப்பதும் விலக்கப்பட்டன. மீறுவோர் சிறு தண்டம் செலுத்தினர். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதற்கென வினாக்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஊரில் எவரேனும் தொழிலில் நொடித்தனரா, காரணம் யாது? எவரேனும் செழித்தனரா, எவ்வழியால்? புதிதாகத் தொழில் தொடங்கிய தகுதியுடைய இளைஞர் எவரேனும் உளரா, அவர்க்கு நாம் ஊக்கமளிக்க இயலுமா? இத்தகையன அவ்வினாக்கள்.

இவ்வினாக்களின் போக்கை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். எனக்கு என்ன கிடைக்கும் என்பதினும், யாருக்கு நாம் உதவ இயலும் என்பதற்கே அவை மிகுதியும் இடமளித்தன. அவ்வாறு பழகியவர்களிடையே ஏற்பட்ட நம்பிக்கையே பின்னர் தொழிலுக்கும் துணை நின்றது. அச்சுக்கூடம் திறந்தவுடன் நண்பர்கள் தத்தமக்குத் தெரிந்த இடங்களில் வேலை தேடித் தந்தனர். பத்திரம் நகலெடுக்கும் ஜோசப் பிரெயின்ட்னால் என்பவர், குவேக்கர் சமயத்தாரின் வரலாற்று நூலில் 40 பாரங்கள் அச்சிடும் பணியைப் பெற்றுத் தந்தார். நூலின் எஞ்சிய பகுதி கீமரிடம் இருந்தது. புதிய கடைக்கும் பழைய கடைக்கும் ஒரே நூலில் வேலை கிடைத்தமை, நண்பர் ஒருவரின் பரிந்துரைக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதைக் காட்டும்.

இதனினும் பெரிய சோதனை ஒன்று வந்தது. மெரெடித்தின் தந்தையார் தருவதாகச் சொன்ன 200 பவுண்டில் பாதியையே அவரால் தர முடிந்தது. எஞ்சிய 100 பவுண்டுக்குப் பொருள் கொடுத்த வணிகர் வழக்குத் தொடுத்தார். அச்சுப்பொறியும் எழுத்துகளும் பாதி விலைக்குப் போய்விடும் நிலை. அப்போது கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் ஆகிய இருவரும், ஒருவர் வந்ததை மற்றவர் அறியாமல், கேட்கப்படாமலே தனித்தனியே வந்து, வேண்டிய தொகை முழுவதையும் தர முன்வந்தனர். ஆயின், குடித்துவிட்டுத் தெருவில் காணப்படும் மெரெடித்தோடு கூட்டுத் தொடர்வதை அவ்விருவரும் விரும்பவில்லை. மெரெடித் தாமே விலக இசைந்தபின், இருவர் மனமும் நோகாதவாறு பிராங்க்ளின் ஆளுக்குப் பாதியாகப் பெற்றுக்கொண்டார். 1730ஆம் ஆண்டில் தொழில் அவர் ஒருவருடையதாயிற்று. ஈட்டின்றிக் கிடைத்த அக்கடனுக்கு ஈடாக நின்றது அவருடைய நடத்தையே ஆகும். கூட்டாளியின் நடத்தையும் நம் பெயரோடு சேர்த்தே எண்ணப்படும் என்பதும் இதனால் விளங்கும்.

உழைப்பே விளம்பரம்

குவேக்கர் நூலைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டமையால், நாளொன்றுக்கு ஒரு பாரம் முடிப்பது எனப் பிராங்க்ளின் உறுதி பூண்டார். இரவு பதினொரு மணிக்கு மேலும் எழுத்துப் பிரிக்கும் வேலை நீண்டது. ஓர் இரவு வேலை முடிந்தது எனக் கருதியிருந்தபோது, பூட்டி வைத்திருந்த பாரம் ஒன்று உடைந்து இரண்டு பக்கங்களின் எழுத்துகள் சிதறின. அவர் அப்பொழுதே அவற்றைப் பிரித்து, மீண்டும் கோத்து முடித்த பின்னரே உறங்கச் சென்றார். அண்டை அயலார் இதனைக் கண்டனர். புதிய அச்சுக்கூடம் நிலைக்காது என்று வணிகர் மன்றத்தில் பேசப்பட்டபோது, மருத்துவர் ஒருவர் மறுத்துரைத்தார். தாம் இரவில் மன்றத்திலிருந்து திரும்பும்போதும் அவ்விளைஞர் உழைத்துக் கொண்டிருக்கிறார், அயலார் எழுமுன்னரும் உழைத்துக் கொண்டிருக்கிறார் என்பதே அவர் கூறிய காரணம். அதன்பின் வணிகர் ஒருவர் எழுதுபொருள்களைக் கடனாகத் தர முன்வந்தார்.

தாம் உழைப்பாளியாக இருந்ததோடன்றி, அவ்வாறு தோன்றவும் கவனம் கொண்டதாகப் பிராங்க்ளின் ஒளிக்காமல் எழுதுகிறார். எளிய உடை உடுத்தார். வீண்பொழுது போக்கும் இடங்களுக்குச் செல்லவில்லை. வாங்கிய தாளைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே கொண்டு சென்றார். இது வெறும் நடிப்பன்றோ என ஐயுறலாம். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவதே நடிப்பு. செய்யும் வேலையைப் பிறர் காணுமாறு செய்தல் தொழிலறிவு. தள்ளுவண்டியில் இருந்தது உண்மையான தாள். அது சென்று சேர்ந்ததும் உண்மையான அச்சுக்கூடமே.

சொல்லாமல் சொல்லிய சான்று

அக்காலத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் அச்சுப்பணி பிராட்போர்டிடம் இருந்தது. ஆளுநருக்குச் சட்டமன்றம் அளித்த உரையொன்றை அவர் பிழைகள் மலிய அச்சிட்டிருந்தார். பிராங்க்ளின் அதே உரையை அழகாகவும் பிழையின்றியும் அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி அனுப்பினார். பிராட்போர்டைப் பற்றி ஒரு குறையும் கூற வேண்டியிருக்கவில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கு வேறுபாடு தானே விளங்கிற்று. சட்டமன்றத்தில் இருந்த நண்பர்களின் குரலும் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டுக்கான பணி அவருக்கு வந்தது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்போர் யாவர் எனத் தெரிந்து, அவர்கள் கையில் தம் வேலையின் மாதிரியைச் சேர்ப்பித்தல் நூறு சொற்களினும் பயனுடையது.

தன்னை மறைக்க வேண்டிய இடம்

1731ஆம் ஆண்டில் பிராங்க்ளின் ஒரு சந்தா நூலகம் அமைக்க முனைந்தார். இது தம் திட்டம் என்று கூறிக்கொண்டு சந்தா கேட்டபோது மக்களிடம் தயக்கம் எழுந்தது. அயலாரினும் தம் புகழ் சிறிது உயர்வதற்கு அவர்களே துணை செய்ய வேண்டும் என்று கேட்பது போல் அது அமைந்துவிட்டதை உணர்ந்தார். பின்னர், நண்பர் சிலரின் திட்டம் எனவும், நூல் விரும்பிகளிடம் கேட்டு வருமாறு அவர்கள் தம்மைப் பணித்ததாகவும் கூறலானார். வேலை எளிதாயிற்று. தலைக்கு 40 ஷில்லிங் அளிக்க ஐம்பதின்மர் முன்வந்தனர். அந்நூலகம் இன்றும் பிலடெல்பியாவில் இயங்குகிறது. தொழிலுக்குத் தம் பெயரை முன்வைக்கலாம். பொதுப்பணியில் அதனைப் பின்வைத்தல் வேண்டும். அப்பணியின் பெருமை உரியவரைத் தேடிப் பின்னர் தானே வந்து சேரும்.

எச்சரிக்கைகள்

இவ்வரலாற்றில் கற்க வேண்டிய தவறுகளும் உள. அந்நாளில் தாம் ஒரு செய்தி இதழ் தொடங்க எண்ணியிருப்பதைப் பிராங்க்ளின் நண்பர் ஜார்ஜ் வெப்பிடம் கூறினார். வெளியில் சொல்ல வேண்டா எனக் கேட்டுக்கொண்டும், அச்செய்தி கீமரை எட்டியது. கீமர் 1728இன் இறுதியில் முந்திக்கொண்டு இதழ் தொடங்கிவிட்டார். தொண்ணூறு சந்தாதாரர்க்கு மேல் பெற இயலாமல் 1729இல் அவர் அதனைப் பிராங்க்ளினிடமே சிறு விலைக்கு விற்றார் என்பது நற்பேறு. நட்பு வட்டத்திலும் சொல்லத்தக்கது எது, காக்கத்தக்கது எது என அறிந்து பேச வேண்டும்.

இரண்டாவது, இன்னும் ஆழமானது. தம் இதழில் தனிமனிதரை இழித்துரைக்கும் கட்டுரைகளைப் பணம் தந்தாலும் இடம்பெறச் செய்யாதவர் பிராங்க்ளின். அதே இதழில் அடிமைகளை விற்பதற்கான விளம்பரங்கள் வெளிவந்தன. அவரும் அடிமைகளை வைத்திருந்தார். முதுமையில், 1787இல், அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவராகி அக்கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். ஆயினும் அச்சில் ஏறியவை அழியவில்லை. நற்பெயர் தேடும் சிறுதொழிலர், எதனை விற்றுப் பொருள் ஈட்டுகிறோம் என்பதும் அப்பெயரில் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

நிறைவாக

இன்று கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஆயிரவர்க்குத் தம் கடையின் படத்தை அனுப்பிவிடலாம். அதனைக் கண்ட ஆயிரவரில், நம் பொருட்டு மற்றொருவரிடம் ஒரு நற்சொல் கூறப்போகிறவர் எத்தனை பேர் என்பதே வினா. அத்தகையோர் பன்னிருவர் இருப்பின் ஒரு சிறுதொழில் காலூன்றும். அவர்களைத் தேடுதற்குரிய காலம் கடை திறந்த பின்னர் அன்று. கல்லூரியில் பயிலும் இந்நாட்களே ஆகும். உடன் பயில்வோர் தொழில் தொடங்கினால் முதல் வேலையை அவரிடம் கொடுப்போம். அவர் செம்மையாகச் செய்தால் நான்கு பேரிடம் சொல்வோம். குறை இருந்தால் அவரிடம் மட்டும் சொல்வோம். ஊர்ப் பெரியோர்களும் தம் கடைவீதிக்குப் புதிதாக வரும் இளைஞரின் பெயரைக் கேட்டறிந்து ஒரு சிறு வேலையேனும் அளித்துப் பார்ப்பாராக.

பிராங்க்ளின் தம் நாற்பத்திரண்டாம் வயதில் நேரடித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அறிவியலாளராகவும் தூதராகவும் உலகப் புகழ் எய்தினார். எனினும் 1788இல் எழுதிய இறுதி முறியில், தம் பெயரை அடுத்துப் பதவிகளை எழுதுமுன், அச்சுத் தொழிலர் என்றே தம்மைக் குறித்துக்கொண்டார். தொழிலால் பெற்ற நற்பெயரே தமக்குக் கிடைத்த முதற் பட்டம் என அவர் கருதினார் போலும். நம் மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய பட்டம் ஒன்றையும் பெறுதல் வேண்டும்.