கேள்வி கேட்கும் வயதில் இறைநம்பிக்கை
வாலிபர் மன்றங்கள் முன் உள்ள பொறுப்பு

புது தில்லி: பதினைந்து வயதுச் சிறுவனுக்குத் தன் மனசாட்சியின்படி இறைவனைத் தேடும் உரிமை உண்டா? நாடு விடுதலை அடைவதற்கு முன்பே தலைநகரில் எழுந்த கேள்வி இது.

அரசியல் நிர்ணய சபையில் 1947 மே 1-ஆம் தேதி அடிப்படை உரிமைகள் குறித்த விவாதம் நடைபெற்றது. வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழும் மதமாற்றம் சட்டப்படி செல்லாது என்ற பிரிவு அவையின் முன் இருந்தது. பதினெட்டு வயதுக்கு உள்பட்டவர்களின் மதமாற்றத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டு வந்தார்.

அதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், ஷில்லாங்கைச் சேர்ந்த காசி இனத் தலைவரான பாதிரியார் ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய். ஏறத்தாழ பதினைந்து வயதில் தாம் இறைவனின் அழைப்பைக் கேட்டு மனம் மாறியதை அவர் அவையில் எடுத்துரைத்தார். பெற்றோர் மதம் மாறினால் பிள்ளைகளின் நிலை என்ன என்று பிராங்க் அந்தோணி வினவினார். டாக்டர் அம்பேத்கரும் இதில் அடங்கியுள்ள சிக்கல்களை விளக்கினார். முடிவில் அந்தப் பிரிவு ஆலோசனைக் குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இறுதி வடிவம் பெற்ற அரசமைப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

சட்டம் வரைந்த கோடு

எனினும், சிறார்களின் பாதுகாப்பை அரசமைப்புச் சட்டம் மறந்துவிடவில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்குமாறு எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. மாணவர் வயதுவராதவராக இருந்தால், காப்பாளரின் சம்மதம் தேவை.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-ல் இந்தியா இணைந்தது. அதன் 14-ஆவது பிரிவு, சிந்தனை, மனசாட்சி, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. குழந்தையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் அதுவே மதிக்கிறது.

தேவாலயத்தோடு இணைந்த வாலிபர் மன்றம் கல்வி நிறுவனம் அல்ல. 28-ஆவது பிரிவு அதை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால், அந்தப் பிரிவின் உட்பொருள் மன்றத்துக்கும் பொருந்தும். சிறுவனின் தேடலையும் பெற்றோரின் அக்கறையையும் ஒருங்கே மதிக்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

கோபுர நிழலில்

இந்தப் பொறுப்பு நாராயணவனம் போன்ற ஊர்களில் மேலும் கூடுகிறது. புத்தூருக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய இவ்வூர், 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை சீனிவாசப் பெருமாள் மணம்புரிந்த தலம் என்பது ஐதீகம். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலே ஊரின் அடையாளம்.

அதே வட்டாரத்தில் கிறிஸ்தவமும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865-ல் தெலுங்கு நாட்டின் தென்பகுதியில் பணியைத் தொடங்கியது. அதன் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டது.

இத்தகைய ஊரில் வளரும் கிறிஸ்தவச் சிறுவனுக்குப் பிற சமயம் பாடநூலில் படிக்கும் செய்தி அன்று. பக்கத்து வீட்டின் அன்றாட வாழ்க்கை. வகுப்புத் தோழன் பிரம்மோற்சவத்துக்கு அழைக்கிறான். கிறிஸ்துமஸ் பலகாரம் அவன் வீட்டுக்குப் போகிறது. அவனுடைய பக்தியும் உண்மையானதுதானே என்ற கேள்வி தானாகவே எழும். அதற்கு மன்றத்தில் இடம் இல்லையென்றால், சிறுவன் கேள்வியைக் கைவிட மாட்டான்; மன்றத்தைத்தான் கைவிடுவான்.

வெளிப்படைத் தன்மையும் இங்கு இன்றியமையாதது. திருமலை உள்ளிட்ட வழிபாட்டுத் தலங்களில் வேற்று மதப் பிரசாரத்தைத் தடுக்க ஆந்திரப் பிரதேசம் 2007-ல் தனிச் சட்டமே இயற்றியது. உணர்வுகள் இவ்வளவு கூர்மையாக உள்ள பகுதியில், விளையாட்டுக்கு என அழைத்து ஜெபத்தில் அமர வைப்பது சிறுவனின் நம்பிக்கையையும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையையும் ஒருசேர இழக்கச் செய்யும்.

மனப்பாடம் போதுமா?

ஞாயிறு பள்ளியில் சிறுவர்கள் வசனங்களை மனப்பாடம் செய்கிறார்கள், பரிசும் பெறுகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் நிலைமை மாறுகிறது. நல்லவர்கள் ஏன் துன்பப்படுகிறார்கள், அறிவியல் பாடமும் ஆதியாகமமும் எப்படிப் பொருந்தும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறுவோரிடையே ஜாதி ஏன் நிற்கிறது போன்ற வினாக்கள் எழுகின்றன. 'இப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்ற பதில் வாயை அடைக்குமே தவிர, மனத்தை நிறைக்காது.

விவிலியமே இதற்கு வேறு வழி காட்டுகிறது. பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும் வினாக்கள் எழுப்பியும் இருந்ததாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு போற்றும் புனித தோமா, கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றவர். அவர் சீடர் கூட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைக்கப்பட்டார்.

பார், சிந்தி, செயல்படு

கேள்வியிலிருந்து தொடங்கும் முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. பெல்ஜியம் நாட்டு பாதிரியார் ஜோசப் கார்டைன், 1925-ல் இளம் தொழிலாளர்களுக்கான கிறிஸ்தவ இயக்கத்தை நிறுவினார். 'பார், சிந்தி, செயல்படு' என்பதே அவர் வகுத்த முறை. 1961-ல் போப் இருபத்து மூன்றாம் ஜான் தமது சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். மாணவர்களிடையே இதைக் கையாளும் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் இந்தியாவிலும் வேரூன்றியது. பிற சமய மாணவர்களும் சேர்வதற்காக, இளம் மாணவர் இயக்கம் என்ற பெயரும் அதனுடன் இணைந்தது.

இதில் சிறு குழுவே அடிப்படை. வகுப்பில் அவமதிக்கப்பட்ட ஒரு மாணவன், தேர்வு பயம், தெருவில் தண்ணீர்த் தட்டுப்பாடு என மாணவர்கள் தாங்களே கண்ட ஒன்றை முன்வைக்கின்றனர். அதன் காரணம் என்ன, நற்செய்தி இதற்கு என்ன சொல்கிறது என்று கலந்து பேசுகின்றனர். பின்னர், தங்களால் இயன்ற ஒரு சிறு செயலை முடிவு செய்து, அடுத்த கூட்டத்தில் அதன் பலனை ஆராய்கின்றனர். வழிகாட்டி குறைவாகப் பேச வேண்டும். முடிவைத் திணிக்கக் கூடாது.

நண்பர் ஆவதே முதல் பணி

வழிகாட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழகமே ஒரு முன்னுதாரணத்தைத் தந்திருக்கிறது. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே.ச. அசரியா, 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகி இளைஞர்களிடையே பணியாற்றினார். பின்னர் தெலுங்கு நாட்டுக்குச் சென்று, 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

1910-ல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிய அவர், அதற்கும் மேலாக இந்தியர்களுக்கு வேண்டியது அவர்களுடைய நட்பே என்று துணிந்து கூறினார். மேலிருந்து போதிப்பவரைவிட அருகில் அமர்பவரே தேவை என்ற அந்தக் கருத்து, இன்றைய வாலிபர் மன்றத் தலைவருக்கும் பொருந்தும். 2018-ல் வாடிகனில் இளைஞர்கள் குறித்து நடந்த ஆயர் மாமன்றத்திலும், தங்களுக்குச் செவிசாய்ப்போர் இல்லை என்ற இளைஞர்களின் குறை எதிரொலித்தது.

நட்புக்கும் வரம்பு உண்டு. கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் தனியறையில் சிறுவரைச் சந்திக்கும் வழக்கம் கூடாது. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்த பிறகு, புகாரை மூடி மறைப்பதும் குற்றமாகும். முகாமின் இறுதி நாளில் உணர்ச்சி மேலிட்ட நேரத்தில் 'கை தூக்குங்கள்' என்று கேட்பதையும் வழிகாட்டிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். தோழர்கள் அனைவரும் கை தூக்கும்போது ஒரு சிறுமி மட்டும் தூக்காமல் இருப்பது எளிதன்று. மறுவாரம் வந்து, இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்று அவள் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தால், அந்த மன்றம் தன் பணியைச் சரியாகச் செய்கிறது எனலாம்.

நிக்கல்ஸ் ராய் பதினைந்து வயதில் கேட்டது தம் உள்ளத்தில் ஒலித்த அழைப்பு. அப்படி ஒன்று ஒலிக்குமா, எப்போது ஒலிக்கும் என்பது எந்த மன்றத்தின் கையிலும் இல்லை. அதுவரை சிறுவர்கள் அச்சமின்றிக் கேட்கவும், சந்தேகிக்கவும், காத்திருக்கவும் இடம் தருவதே மன்றங்களால் செய்யக்கூடியது.