பன்பாயும் யப்பானிய வரவேற்பறையும்

ஒலுவில், அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பக்கங்களில் புதிதாக எழும் வீடுகளுக்கு விருந்தினராகச் செல்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். பத்தடி அகலமுள்ள முன்னறை. அதனுள் வெல்வெட் உறையிட்ட மெத்தைக் கதிரைகள். நடுவே கண்ணாடி மேசை. சுவரோரம் பீங்கான் நிறைந்த அலுமாரி. நடப்பதற்கு வழியில்லை. கடலின் உப்புக் காற்று அந்த வெல்வெட்டை என்ன பாடு படுத்தும் என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர்.

இப்பொழுது வேறொரு மோகமும் தலைகாட்டுகிறது. யப்பானிய முறையில் அறையை அமைக்கும் மோகம். படங்களில் கண்ட தாழ்ந்த மேசையையும் மூங்கில் தட்டியையும் கொழும்பிலிருந்து தருவிக்க விரும்புவோர் உளர். பணத்தைக் கொடுக்குமுன் அம்முறை எதனால் ஆனது என்று சற்றே பார்ப்போம்.

யப்பானிய அறைக்கு அடிப்படை ‘தத்தாமி’ என்னும் பாய். ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்பு. உள்ளே நெருக்கி அமுக்கிய நெல் வைக்கோல். மேலே கோரை போன்ற ஒருவகைப் புல்லால் நெய்த விரிப்பு. அறையின் பரப்பளவையே அந்நாட்டார் பாய்க் கணக்கிற் சொல்வர். தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்கியு (1522–1591) அமைத்ததாகக் கருதப்படும் ‘தய்யான்’ என்னும் தேநீர் அறை இரண்டே பாய் அளவுடையது. அதனை இன்றும் தேசியப் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர்.

வைக்கோலும் புல்லும் நமக்குப் புதியனவா? பன் வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயமிட்டு நம் மூத்தம்மாமார் நெய்த பாய்களில் அமர்ந்துதானே சஹனைச் சுற்றிச் சோறுண்டோம்? பிளாஸ்திக் பாய் வந்தபின் பன்பாய் நெய்யும் கைகள் அருகி வருகின்றன. யப்பானியப் பாயை விலைகொடுத்துத் தேடும் அதே வேளையில் இது நடப்பதுதான் நமக்கு விந்தையாகத் தோன்றுகிறது.

யப்பானியரிடம் கற்கத்தக்கது பொருள்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம். இரவில் விரித்த படுக்கை காலையில் சுவர் அலுமாரிக்குள் சென்றுவிடும். அலங்காரத்துக்கென ‘தொக்கொனோமா’ என்னும் ஒரு மாடம். அதில் ஒரு சித்திரம், ஒரு பூச்சாடி, அவ்வளவே. யன்னலுக்குக் கடுதாசி ஒட்டிய சட்டங்கள், வெயிலின் கூர்மையை மழுக்கி மெல்லொளியாக உள்ளே விடும். அறையில் நிழலும் ஓர் அழகு என்று எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிசாகி 1933இல் ஒரு கட்டுரையே வரைந்தார். நமக்குக் கடுதாசி வேண்டாம். மருதமுனைத் தறியில் நெய்த மெல்லிய துணி போதும்.

ஆயினும் நம்மூர் வரவேற்பறைக்கு அப்படங்களிற் காணாத ஒரு சிக்கல் உண்டு. அந்நிய ஆடவர் வந்து அமர்ந்தால் வீட்டுப் பெண்கள் குசினிக்குள் ஒடுங்க வேண்டும். சிறிய வீடானால் விருந்தினர் எழும்வரை அவர்களுக்கு வீடே இல்லை எனலாம். இதற்கு வழிகாட்டியவர் ஒரு யப்பானியரே. 2004 டிசம்பர் 26ஆந் திகதி நம் கரையை அழித்த கடற்கோள் அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையையும் அழித்தது. முஸ்லிம் மீனவர் வாழும் அக்கிராமத்தில் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் புதிய வீடுகளை அமைத்தார். அமுக்கிய மண்கற் சுவர், றப்பர் மரத் தளபாடம், நடுவே கூரையிட்ட முற்றம். மடிப்புக் கதவுகளால் முற்றத்தைக் கூடத்துடன் சேர்க்கலாம், பிரிக்கவும் செய்யலாம். விருந்தினர் ஒருபுறம் இருக்க, பெண்கள் மறுபுறம் தாராளமாக நடமாடலாம்.

புது வீடு கட்ட இயலாதவர் மரச் சட்டத்தில் துணி கோத்த மூன்று மடிப்புத் தட்டியொன்றைத் தச்சரிடம் செய்விக்கலாம். அதனை வாயிலுக்கு நேரே நிறுத்தாமல் குசினி வழியை மறைத்து நிறுத்துக. முழங்கால் நோவுள்ள முதியோர்க்கு இரு பிரப்பங் கதிரைகள் இருக்கட்டும். ஏனையவற்றை விறாந்தைக்கு அனுப்பிவிடுக.

மாரியில் பாய் பூஞ்சணம் பிடிக்குமே என்பர். பிடிக்கத்தான் செய்யும், தத்தாமிக்கும் அதே தொல்லை. ஆனால் பாரமான தத்தாமியைத் தூக்கி வெயிலிற் போடுவது இலகுவன்று. பன்பாயையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையே சுருட்டிக்கொண்டு போய் வேலியில் விரித்துவிடும்.