கேஸ் தீர்வதில்லை, ஒழுகுகிறது!

பழைய கார் ஏ.சி. குழாயில் டிரைவரின் காசு போகும் வழி

லாங் ஐலண்ட், நடு அந்தமானை ஒட்டிய சின்னத் தீவு. ரோடு வழி கிடையாது. படகில்தான் போக வேண்டும். ஊருக்குள் நடந்தே வேலையை முடித்துவிடலாம்.

அப்படியானால் லாங் ஐலண்டுக்காரருக்குக் காரே தேவை இல்லையா?

தேவைதான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) உள்ள ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரே போகும் படகு இல்லாத நாள். அப்போது எரட்டா படகுத்துறைக்கு வந்து இறங்கி, ரங்கத்தில் வண்டி பிடிக்க வேண்டும். அங்கிருந்து 150 கிலோ மீட்டருக்கு மேல் அந்தமான் டிரங்க் ரோட்டில் பயணம்.

வழியில் ஜார்வா பழங்குடியினரின் காப்பகம். அதற்குள் வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்த முடியாது. வேகமாகவும் போக முடியாது.

பின் சீட்டில் நோயாளி. வெளியே புழுக்கம். டிரைவர் ஏ.சி. சுவிட்சைப் போடுகிறார். வருவது வெறும் காற்று!

"போன மாசம்தானே கேஸ் போட்டேன்!" என்று டிரைவர் தலையில் கை வைக்கிறார்.

இது ஒரு டிரைவரின் கதை அல்ல. பழைய அம்பாசிடர், பழைய மாருதி என்று எதை வைத்துப் பிழைப்பவரும், எந்த ஊரில் இருந்தாலும், ஒரு தடவையாவது சொல்லியிருக்கும் வார்த்தைதான்.

பெட்ரோல் அல்ல

"கேஸ் தீர்ந்துபோச்சு அண்ணே. நிரப்பினால் சரியாகிவிடும்" என்று பட்டறையில் சொல்லுவார்கள். டிரைவரும் காசைக் கொடுத்துவிட்டு வருவார். முதல் நாள் ஜில்லென்று இருக்கும். ஒரு மாதத்தில் பழைய கதை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏ.சி. கேஸ் பெட்ரோல் அல்ல. ஓட ஓடச் செலவாகும் பொருள் அல்ல. ஒரே கேஸ்தான் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது.

என்ஜின் பக்கத்தில் உள்ள கம்பிரசர் கேஸை அழுத்துகிறது. அது சூடாகி, முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டுச் சூடு இறங்கித் திரவம் ஆகிறது. பிறகு டிரையர் என்ற சின்ன உருளை அதில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற நுண்ணிய துவாரத்தைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, திரவம் மறுபடியும் கேஸாகிறது. அப்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் நம் முகத்தில் அடிக்கிறது. கேஸ் மறுபடியும் கம்பிரசருக்குத் திரும்புகிறது.

வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது வேறு. ஒரு மாதத்தில் காலியானால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுவது போலத்தான்.

நஷ்டம் கேஸோடு நிற்பதும் இல்லை. கம்பிரசருக்கு வேண்டிய எண்ணெய், கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பாது. அப்படியே ஓட்டினால் கம்பிரசர் இறுகிப்போகும். சின்ன ரப்பர் வளையத்துக்குப் பார்த்த கணக்கு, கம்பிரசர் விலையில் போய் முடியும்!

உப்புக் காற்றின் வேலை

கார் ஏ.சி.யில் பெரும்பாலும் அலுமினியக் குழாய்கள். என்ஜின் ஆடும் இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ். வீட்டு ஏ.சி. சுவரில் அசையாமல் இருக்கிறது. கார் ஏ.சி.யோ ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் குலுங்குகிறது.

அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. சுற்றிலும் கடல். உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதிலும் அலுமினியக் குழாயை இரும்புக் கிளாம்பு பிடித்திருக்கும் இடத்தில் அரிப்பு அதிகம். வெளியே பார்த்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துடைத்துப் பார்த்தால் ஊசி முனை அளவு துவாரம் இருக்கும். சென்னை, தூத்துக்குடி, மும்பை என்று கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

குழாய்கள் இணையும் இடங்களில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உண்டு. என்ஜின் சூட்டில் வருடக் கணக்கில் வெந்து அது காய்ந்துவிடும். ஹோஸும் உலோகமும் சேரும் இடம், கம்பிரசர் அச்சின் சீல், கேஸ் ஏற்றும் வால்வு ஆகியவையும் ஒழுகும் இடங்கள்.

தண்ணீர் சொட்டினால்?

ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துச் சிலர் பயப்படுவது உண்டு. அது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து இறங்கும் தண்ணீர். அது சொட்டத்தான் வேண்டும்.

அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் காருக்குள் கால் மிதியை நனைத்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஓட்டையைத் தேடுவது

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது தடயம் விடாமல் போவதில்லை. ஓட்டை வழியாக எண்ணெயும் கசியும். எண்ணெயில் தூசி ஒட்டும். குழாய் இணைப்பில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்போது தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். நல்ல பட்டறையில் நைட்ரஜன் அடைத்து, மீட்டர் முள் இறங்குகிறதா என்று சிறிது நேரம் பார்ப்பார்கள். கழற்றிய கண்டென்சரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பதும் உண்டு.

நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டக் கூடாது. எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஆள் உயிரே போய்விடும்.

வெளியே எங்கும் ஓட்டை இல்லை என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே சொட்டும் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் சந்தேகம் உறுதி.

ஒட்டலாமா, மாற்றலாமா?

கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். ஏ.சி.யின் அழுத்தம் கூடிய பக்கத்திலோ, வெயில் நாளில் 200 பவுண்டுக்கு மேல் போகும். பசை தடவி, துணி சுற்றி, இதை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது வீண்.

ஓ-ரிங் போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். விலை சொற்பம். ஏ.சி.க்கு என்றே செய்த வளையமாக இருக்க வேண்டும். அலுமினியக் குழாயில் சின்ன துவாரம் என்றால் ஆர்கான் வெல்டிங் செய்யலாம். கேஸ் முழுவதையும் எடுத்து, குழாயைக் கழற்றிய பிறகுதான் நெருப்புக் காட்ட வேண்டும். கேஸ் இருக்கும்போது காட்டினால் விஷப் புகை வரும். குழாய் நெடுகிலும் அரித்திருந்தால் வெல்டிங்கும் வீண். புதிதாகத்தான் போட வேண்டும். ஹோஸ் போயிருந்தால், இரண்டு முனையையும் வைத்துக்கொண்டு நடுவில் புது ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு.

குழாயைத் திறந்தால் டிரையரையும் மாற்றுவது நல்லது. வெளிக்காற்றில் உள்ள ஈரத்தை அது குடித்துவிடும். பிறகு வாக்குவம் பம்ப் மாட்டிக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் கேஸ். அதுவும் குத்துமதிப்பாக அல்ல, எடை போட்டு. காரின் பானெட்டுக்கு அடியில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும்.

மேட்டூரில் தயாரான கேஸ்

பழைய கார்களில் இருந்தது ஆர்-12 என்ற கேஸ். நம் சேலம் மாவட்டத்து மேட்டூரில், கெம்பிளாஸ்ட் ஆலையில்கூட அது ஒரு காலத்தில் தயாரானது.

இந்தக் கேஸ் மேலே போய், சூரியனின் கடுமையான கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற 2 விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் தென் துருவத்தின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது தெரிய வந்தது. 1987-ல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1992-ல் இந்தியா அதில் சேர்ந்தது. 2010-க்குள் ஆர்-12 உற்பத்தி நின்றுவிட்டது.

பிறகு வந்தது ஆர்-134ஏ. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,400 மடங்கு வலிமை உள்ளது. அதனால் இதையும் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் முடிவானது. 2021-ல் இந்தியா அதை ஏற்றது.

ஆர்-12 காலத்துக் காரில் ஆர்-134ஏ நிரப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய் புதுக் கேஸோடு கலக்காது. பழைய ரப்பர் ஹோஸ் வழியாகவும் புதுக் கேஸ் எளிதில் கசியும். எண்ணெய், ஓ-ரிங், டிரையர், தேவைப்பட்டால் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஏற்ற வேண்டும். மலிவு என்று சமையல் கேஸை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். ஓட்டை விழுந்தால் காருக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

புதுப்பேட்டையும் கப்பலும்

பழைய காரின் குழாய் புதிதாகக் கிடைக்காவிட்டால்? சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. கழற்றிய கார்ப் பாகங்களுக்கு அது பெயர் பெற்ற இடம். ஆனால் அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் சுமார் 3 நாள். தப்பான குழாய் வந்துவிட்டால் திருப்பி அனுப்பி வாங்குவதற்குள் மாதம் ஓடிவிடும்.

எனவே பழைய குழாயையே மாதிரியாகக் கொடுத்து அனுப்புவது உத்தமம். வருகிற குழாயின் 2 முனையும் மூடியிருக்க வேண்டும். திறந்து கிடந்த குழாய்க்குள் ஈரமும் அழுக்கும் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி

ஏ.சி. வேலை எல்லாவற்றையும் டிரைவரே செய்ய வேண்டியது இல்லை. செய்யவும் கூடாது. அழுத்தத்தோடு சீறும் கேஸ் பட்டால் தோல் வெந்துபோனது போல ஆகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆனால் ஒரு கேள்வியை டிரைவர் கேட்கலாம். அடுத்த தடவை பட்டறையில் "கேஸ் தீர்ந்துபோச்சு அண்ணே" என்று சொன்னால், பர்ஸை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்:

"போட்ட கேஸ் எங்கே போச்சு தம்பி?"

அதற்குப் பதில் காட்டிய பிறகு கேஸ் போடட்டும். எரட்டா துறையில் படகை விட்டு இறங்கி, நோயாளியைத் தாங்கிப் பிடித்தபடி வண்டி தேடும் குடும்பத்துக்கு, குளிர்ச்சியாக ஒரு வண்டி கிடைக்கும். டிரைவருக்கும் மாதாமாதம் காசு காற்றில் போகாது.