கொற்கைக் கரையும் ஆய்வு மாணவர் உதவித்தொகையும்

கொற்கையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் ஒருவர் எங்கெங்கே செல்லவேண்டியிருக்கும் என்று முதற்கண் எண்ணிப் பார்ப்போம். கடல் உள்வாங்கியதால் இன்று கரையினின்றும் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அச்சிற்றூருக்குப் பன்முறை செல்லவேண்டும். 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பெற்றது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. அவ்விரு காலத்து அறிக்கைகளையும் தேடிப் படிக்கவேண்டும். முத்துச் சலாபம் பற்றிய ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். பழைய அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா நூலகத்தில் வாரக்கணக்கில் அமரவேண்டும். காயல்பட்டினத்து இல்லங்களில் காக்கப்பெறும் அரபுத்தமிழ்ச் சுவடிகளைப் படிக்கவேண்டுமாயின் அரபு எழுத்தும் பயிலவேண்டும்.

இவற்றுள் எதுவும் கல்விக் கட்டணத்துள் அடங்குவதன்று. தொடர்வண்டிக் கட்டணம், சென்னையில் தங்கும் செலவு, நகலெடுக்கும் செலவு ஆகியவற்றை ஒருபுறம் வைப்போம். அந்த நான்கைந்து ஆண்டுகளும் அம்மாணவர் எதனைக் கொண்டு உண்டு உடுத்து வாழ்வார்? அவரை நம்பியிருக்கும் தாய் தந்தையர்க்கு எதனைத் தருவார்? ஆய்வு உதவித்தொகை என்பதன் முழுப்பொருளும் இவ்வினாக்களில் அடங்கியுள்ளது. இதனைப் பரிசு என்றோ தருமம் என்றோ கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வேலைக்குரிய கூலி என்பதே நம் கருத்து.

தூத்துக்குடிச் சலாபத்தில் இந்நெறி விளங்கியிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், எடுத்த சிப்பிகளுள் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கும் தோணிக்காரர்க்கும் உரியது, எஞ்சியது அரசினுடையது. பங்கு பிரிக்கப்பெற்றது சிப்பியைத் திறப்பதற்கு முன்னரே. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பதை அறியாமலே உழைப்புக்குரிய பங்கு உறுதிசெய்யப்பெற்றது. (1961க்குப் பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை என்பது வேறு செய்தி.)

இனி, நடைமுறையில் உள்ளவற்றை நோக்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு வழங்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையே இவற்றுள் தலையாயது. ஜே.ஆர்.எஃப். என்று நாம் வழங்குவது இதுவே. இதற்கான தேசியத் தேர்வு 1984இல் தொடங்கியது. விரிவுரையாளர் தகுதிக்கும் சேர்த்து நெட் என்னும் பெயரில் 1989 டிசம்பர் முதல் நடைபெறுகின்றது. 2018 டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை இதனைக் கணினி வழி நடத்துகின்றது. முதல் தாள் பொதுத்தாள், 50 வினா. இரண்டாம் தாள் பாடத்தாள், 100 வினா. தமிழ்ப் பாடத்தாள் தமிழிலேயே அமையும். பொதுத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழை முதன்மையாகக் கற்ற நம் மாணவர் பலர் தமிழ்த்தாளில் நல்ல மதிப்பெண் பெற்றும் பொதுத்தாளில் இடறுவதற்கு இதுவே காரணம். தமிழ்த்துறைகள் பாடத்தாளுக்குத் தரும் பயிற்சியில் ஒரு பாதியையேனும் பொதுத்தாளுக்குத் தருதல் வேண்டும்.

தேர்வெழுதியோருள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவர். அவருள்ளும் மேல்நிற்கும் சிலர்க்கே உதவித்தொகை வாய்க்கும். அச்சிலர்க்கு 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகள் திங்கள்தோறும் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். மொத்தக் காலம் ஐந்தாண்டு. கலைப்பாடங்களுக்குச் சில்லறைச் செலவென முதலிரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும், பின்னர் 20,500 ரூபாயும் உண்டு. மேலே சொன்ன சென்னைப் பயணங்களை இப்பத்தாயிரத்துக்குள் அடக்குவது எளிதன்று. எனினும் திங்கள் தொகை கைவரின் ஆய்வாளர் தலைநிமிர்ந்து வாழலாம்.

2024 ஜூன் முதல் நெட் முடிவுகள் மூவகையாக வெளியிடப்பெறுகின்றன: உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் பெறுவோர் முதல் வகை, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும் பெறுவோர் இரண்டாம் வகை, சேர்க்கைத் தகுதி மட்டும் பெறுவோர் மூன்றாம் வகை. பின்னிரு வகையினர்க்கு ஆய்வின் வாயில் திறக்கின்றது. உண்கலம் வெறுங்கலமாகவே உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாமல், "நெட் தேறிவிட்டேன், இனிப் பணம் வரும்" என்று பணியை விட்டு வந்து சேர்வோர் உளர். சேருமுன் தம் சான்றிதழின் வகையைப் படித்தறிதல் வேண்டும்.

பிறிதொரு நுட்பமும் உண்டு. உதவித்தொகை பெற்றவர் ஒவ்வொரு திங்களும் ஆய்வு செய்துவருகின்றார் என்பதை அவர்தம் கல்வி நிறுவனம் இணையவழி உறுதிசெய்தல் வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் பதிவு செய்வார். மற்றொருவர் ஒப்புதல் தருவார். இருவருள் ஒருவர் விடுப்பிலிருந்தாலும் அத்திங்கள் தொகை நின்றுவிடும். தில்லியின் மீது நாம் சுமத்தும் தாமதங்களுள் சில நம் கல்லூரி அலுவலக மேசையிலேயே பிறக்கின்றன என்பதை நிருவாகத்தார் நினைவிற்கொள்வாராக.

மேலைநாட்டு முறை இதனின்றும் வேறானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவரே கற்பித்தல் உதவியாளராகவும் அமர்த்தப்பெறுவார். வாரத்திற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் இளநிலை மாணவர்க்குப் பாடம் விளக்குதலும் விடைத்தாள் திருத்துதலும் அவர் பணி. அதற்கு ஈடாகக் கட்டண விலக்கும் ஊதியமும் உண்டு. அங்கும் எல்லாம் இனிதே நடப்பதாக எண்ணவேண்டா. 2022 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆய்வு மாணவரே அவருள் பெரும்பாலோர். வாடகை கொடுத்தபின் உண்பதற்கு எஞ்சவில்லை என்பதே அவர்தம் முறையீடு. டிசம்பர் இறுதியில் ஊதிய உயர்வு பெற்றே பணிக்குத் திரும்பினர். உதவித்தொகை கூலியே என்று அங்கு மாணவர் வாய்விட்டுக் கூறினர்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களில் இத்தகைய முறை உண்டு. கலைக் கல்லூரிகளின் நிலை யாது? மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறை இதற்கு இடந்தருகின்றது. ஆய்வு மாணவர்க்கு வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி அளிக்கலாம் என்பது அதன் விதி. மாணவர் கற்பிக்கக் கற்றுக்கொள்வர் என்னும் நோக்கம் நன்று. ஆனால் அப்பணிக்கெனத் தனி ஊதியம் எதனையும் அவ்விதி வகுக்கவில்லை. உதவித்தொகை பெறுபவர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. யாதொரு தொகையும் பெறாத மாணவர், வருகை தராத ஆசிரியர்க்கு மாற்றாக வகுப்பெடுத்து வெறுங்கையுடன் வீடு திரும்புவாராயின் அதனைப் பயிற்சி என்று பெயரிட்டழைத்தல் தகாது. (இதே ஒழுங்குமுறைதான் எம்.ஃபில். பட்டத்தையும் நிறுத்தியது. அப்பட்டத்தோடு பணியில் அமர்ந்த எம்போன்றோர் இனி அருங்காட்சியகப் பொருளாவோம் போலும்!)

நெட் தேறாத ஆய்வாளர்க்கென மானியக் குழு வழங்கும் 8,000 ரூபாய் உதவித்தொகை மையப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது. 2015 அக்டோபரில் அதனையும் நிறுத்த முடிவுசெய்தபோது தில்லியில் மாணவர் மானியக் குழு அலுவலகத்தின்முன் அமர்ந்து போராடித் தடுத்தனர். திருவாரூரில் படிப்பவர்க்கு அத்தொகை உண்டு. 1990இல் தோன்றிய நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் படிப்பவர்க்கு இல்லை. இருவரும் எழுதும் ஆய்வேடு ஒரே தரத்ததாயினும் நிலை இதுவே.

நம் சமுதாயத்தார் நன்கறிந்தது மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை. 2009இல் தொடங்கப்பெற்ற இது, முஸ்லிம், கிறித்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர்க்கு ஜே.ஆர்.எஃப். அளவை ஒட்டிய தொகையை வழங்கியது. தொடக்கத்தில் நெட் தேர்வும் தேவைப்படவில்லை, பின்னரே கட்டாயமாக்கப்பட்டது. இக்கரையின் முஸ்லிம் மாணவர்க்கும் கிறித்தவ மாணவர்க்கும் ஒருசேரப் பயன்படத்தக்கதாய் இருந்தது இது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் 2022-23 முதல் இதனை நிறுத்துவதாக, 2022 டிசம்பர் 8 அன்று அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் அறிவித்தார். முன்னரே பெற்றுவந்தோர்க்குக் காலம் முடியும்வரை தொடரும் என்பது ஏற்பாடு. ஆயினும் 2025இல் அவருள் பலர்க்குப் பன்மாதத் தொகை நிலுவையில் நின்றது. ஆய்வின் நான்காம் ஆண்டில், ஏடு பாதி எழுதிய நிலையில், வாடகைக்குக் கடன் வாங்குபவரின் மனம் ஆய்வில் எங்ஙனம் ஒன்றும்?

இந்நிலை தமிழ் இலக்கிய வரலாற்றுக்குப் புதிதன்று. எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. நூல் முடியுமுன் வள்ளல் மறைந்தார். அந்நிலையில் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரைத் தாங்கினார். நன்றி மறவாத புலவர் அவரை நூலுள் பல இடங்களில் போற்றுகின்றார். சீதக்காதியின் கொடையைப் பாடாத மேடையில்லை. இடையில் அறுந்த உதவியை எடுத்து முடிந்த அபுல் காசிமின் செயலை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் நமக்குக் கிடைத்தமைக்கு அவ்விரண்டாம் வள்ளலும் காரணர்.

ஊர்ப் பெரியோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதனையொட்டியதே. நம் அறக்கட்டளைகள் இளங்கலை மாணவர்க்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உதவுகின்றன, அது பாராட்டுக்குரியது. ஆய்வு மாணவர்க்கு வேண்டுவது வேறு வகை உதவி. பத்துப் பேர்க்கு ஒருமுறை ஐயாயிரம் வழங்கி மேடையில் பொன்னாடை போர்த்துவதினும், ஒருவர்க்கு நான்காண்டு தவறாது திங்கள்தோறும் வழங்குதல் பயன்மிகும். அரசுத் தொகை நிலுவையில் நிற்குங்காலத்துக் கைம்மாற்றாகக் கொடுத்து, அது வந்தபின் திரும்பப்பெறும் சுழல்நிதி ஒன்றைக் கல்லூரியே ஏற்படுத்தலாம். ஜகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிதல் முறை.

மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 120 பேரைத் தேர்ந்தெடுக்க 2023 டிசம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித்தேர்வு நடத்தியது. எவ்வகை நிறுவனத்தில் பயில்வோர் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்க. செம்மொழி இலக்கியம் ஆய்வோர் சென்னைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளையும் நோக்குதல் நன்று.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு செய்தி. லெப்பை, இராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மைய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் உள்ளனர். எனவே நெட் தேர்வில் அவ்வொதுக்கீடும், ஜே.ஆர்.எஃப். வயது வரம்பான 30க்கு மேல் ஐந்தாண்டுத் தளர்வும் அவர்க்கு உண்டு. நெட் தேறியும் ஜே.ஆர்.எஃப். வாய்க்காதோர் பிற்படுத்தப்பட்டோர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கும் உரியர். ஆனால் நம்மிடமுள்ள மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழ் இங்குச் செல்லாது. வளமான பிரிவினர் அல்லர் என்பதைக் குறிக்கும் மைய அரசுப் படிவத்திலேயே சான்றிதழ் பெறவேண்டும். அதனை வட்டாட்சியரிடம் இ-சேவை வழி விண்ணப்பித்துப் பெறலாம். வருமானத்தை ஒட்டியதாதலின் அதனை நிதியாண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். நெட் அறிவிக்கை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் தேர்வுக்கும் டிசம்பர் தேர்வுக்கும் வெளிவரும். அறிவிக்கை வந்தபின் சான்றிதழுக்கு அலைவதினும் ஏப்ரல் திங்களிலேயே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. சேரவிருக்கும் கல்லூரி மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் ஏற்புப் பெற்றதா என்பதையும் அதே திங்களில் கேட்டு வைத்துக்கொள்க.