தூங்கவிடாத மணி

வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் ஒரு முறையாவது வாய்த்திருக்கும். தேர்வு வாரம். விடியற்காலை மூன்று மணி வரை குறிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருப்போம். திடீரென்று தீ எச்சரிக்கை மணி காதைப் பிளக்கும். எழுந்து ஓடுவோமா? மாட்டோம். தலையணையை எடுத்துக் காதை மூடிக்கொள்வோம்.

நான் முதலாமாண்டு படித்தபோது ஓர் இரவு அப்படித்தான் மூடிக்கொண்டேன். "எவனோ மெகி ஆக்குறான், படுடா," என்றான் அறைத்தோழன். அந்தப் பருவத்தில் அது ஐந்தாவது மணியோ ஆறாவது மணியோ. முதல் தடவை எல்லாரும் கைலியோடு இறங்கிப்போய், கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் கொசுக்கடி வாங்கினோம். இரண்டாம் தடவை பாதிப் பேர்தான் இறங்கினார்கள். அதன்பிறகு, பாதுகாவலர் வந்து நிறுத்தும்வரை படுத்தே கிடக்கப் பழகிவிட்டோம்.

அன்று மணி நிற்கவில்லை. கதவைத் திறந்தால் நடைவழி விளக்கின் கீழே சாம்பல் நிறத்தில் புகை மிதந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மூன்று மாடிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

எரிந்தது எங்கள் மாடியின் பேன்ட்ரி. யாரோ ஒரே நீட்டிப்பு ஒயரில் சுடுநீர்க் கேத்தலையும் சோற்றுப் பானையையும் செருகிவைத்திருந்தார்கள். பாதுகாவலர் தீயணைப்பான் கொண்டு அணைத்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் மணியைக் கிளப்பியது பேன்ட்ரியில் இருந்த புகை உணரி அல்ல. புகை வெளியே பரவிய பிறகு, நடைவழியில் இருந்த உணரிதான். காரணம், இரண்டு வாரத்திற்கு முன்பே பேன்ட்ரி உணரிக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். 'போட்டிருந்தார்கள்' என்ன, போட்டவன் நான்தான். உயரமானவன் என்பதால் நாற்காலியில் ஏறும் வேலை எப்போதும் எனக்கு.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளை வட்டப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் சிறிய இருட்டறை ஒன்றும், அதனுள் ஓர் ஒளிக்கதிரும் இருக்கும். அந்த ஒளி உணர்கருவியின் மேல் விழாதபடி விலகிச் செல்லும். புகைத்துகள் உள்ளே நுழைந்தால் ஒளி சிதறிக் கருவியின்மேல் படும்; உடனே மணி. மற்றொன்றில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கும். அது காற்றை மின்னூட்டம் பெறச் செய்து மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகை புகுந்தால் அந்த ஓட்டம் குறையும். முதல் வகை கனன்று புகையும் தீயையும், இரண்டாம் வகை கொழுந்துவிட்டு எரியும் தீயையும் விரைவாகக் கண்டுகொள்ளும். இரண்டுக்கும் சமையல் புகை எது, சாவுப் புகை எது என்று பிரித்தறியத் தெரியாது. குளியலறை நீராவி, தூசி, கொசு மருந்துத் தெளிப்பு, உள்ளே புகுந்துவிட்ட ஒரு பூச்சிகூடப் போதும். நம்மூரில் பூச்சிக்கா பஞ்சம்!

ஆகவே பொய் மணி அடிப்பது பெரும்பாலும் கருவி பழுது என்பதால் அல்ல. அது தன் வேலையைச் செய்கிறது. பழுதாவது நம் காதுதான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் அதிகாலை, போலண்ட் ஹால் என்னும் முதலாண்டு மாணவர் விடுதி தீப்பிடித்தது. 3 மாணவர்கள் மாண்டனர். 50-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மணி அடிக்காமல் இல்லை. அதற்கு முன் பலமுறை வீணாக அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. அந்தக் கட்டடத்தில் நீர்த் தெளிப்பான்களும் இல்லை. அதே ஆண்டில் அம்மாநிலம் மாணவர் விடுதிகளுக்குத் தெளிப்பானைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எவனோ மெகி ஆக்குறான்" என்பதை அவர்கள் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

புகை வந்தால் அந்த நாற்றமே எழுப்பிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். எழுப்பாது என்றே நம்ப வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில் மூக்கும் உறங்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உறக்கத்தை மேலும் ஆழமாக்கிவிடும். தீ விபத்துகளில் தீயைவிடப் புகைக்குப் பலியாவோரே அதிகம். எஞ்சியிருப்பது காது மட்டுமே. அதிலும் வழக்கமான கீச்சுக் குரல் மணியைவிட, 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி உறங்குபவரை நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காதில் இசைக்கருவியைச் செருகிக்கொண்டு தூங்கும் நண்பர்களுக்கு எந்த ஒலி என்றாலும் ஒன்றுதான்; அவர்களை உலுக்கித்தான் எழுப்ப வேண்டும்.

எழுந்த பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள், ஈரத்துண்டால் கதவிடுக்கை அடைத்துவிட்டுச் சன்னலுக்குப் போய் 999-ஐ அழையுங்கள். சுடாவிட்டால் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள். மின்தூக்கி வேண்டாம், அதன் குழி புகைபோக்கியைப் போலப் புகையை மேலே இழுக்கும்.

வெளியே வீடு எடுத்துத் தங்கும் மூத்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 செப்டம்பர் 14-இல் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் இறந்தபோது, சன்னல்களின் இரும்புக் கம்பிகள் அவர்களை வெளியேற விடவில்லை. உங்கள் வீட்டுக் கிரில் பூட்டின் சாவி இப்போது எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை உணரியை மாற்ற ஒரு மலாய்க்காரர் ஏணியோடு வந்தார். சுருங்கிக் கருகிய பையைச் சுரண்டி எடுத்து, யார் வேலை இது என்று மலாயில் கேட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சாயா, பாக்சிக்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பையை என் கையில் கொடுத்தார்.