தண்ணீர் வடிந்தது; தகராறு வடியவில்லை!

ஸ்ரீவைகுண்டம்-

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அட்வான்சு வாங்கியதற்கு எழுத்து உண்டா? இல்லை என்றால் இதைப் படித்து விட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

"நம்ம ஊர்ல எவன் எழுதிக்கிட்டு இருக்கான்? எல்லாம் வாய்ப்பேச்சுதான்" என்பீர்கள். அந்த வாய்ப்பேச்சால் ஒரு வளவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

62 சென்டிமீட்டர் மழை

2023-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரே நாளில்!

தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்று விட்டது. சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். பக்கத்து புதுக்குடி கிராமத்து மக்கள் சமைத்துப் போட்டார்கள். அது நாடு முழுக்க தெரிந்த செய்தி.

பேப்பரில் வராத செய்தி ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் நடந்த சண்டை. அது ஒரு தெருவில் அல்ல, பல தெருவில் நடந்தது.

20 ஆயிரமா? 30 ஆயிரமா?

அவர் ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா. வயது எழுபதுக்கு மேல். பெயர் போட வேண்டாம் என்றார். நாலு வீடு கொண்ட ஒரு வளவு அவருக்குச் சொந்தம். பென்ஷனோடு அந்த வாடகையும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும்.

அதில் ஒரு வீட்டில் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் மனைவி, 2 பிள்ளைகளோடு பத்து வருடமாகக் குடியிருந்தார். காலையில் ஆட்டோவை எடுத்ததும் வாசலில் ஒரு ஹாரன் அடிப்பாராம். "டீச்சர், பேங்குக்குப் போகணுமா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்பதற்கு அதுதான் அடையாளம். காசு வாங்க மாட்டார்.

வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். குடும்பம் சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போய் விட்டது. திரும்பி வந்து பார்த்தால் பின்சுவர் சரிந்து கிடக்கிறது. வயரிங் முழுக்க சேறு. குடியிருக்க முடியாது.

"அட்வான்சைக் கொடுங்க டீச்சர், வேற வீடு பார்க்கணும்" என்றார் ஆட்டோக்காரர்.

"20 ஆயிரம்தானே, சுவரைக் கட்டிட்டு தாரேன்" என்றார் வாத்தியாரம்மா.

"20 இல்ல, 30. நடுவுல ஒரு 10 கொடுத்தேன்லா!"

அங்கே பிடித்தது தகராறு.

அவரிடம் ரசீது இல்லை. இவரிடம் கணக்கு இல்லை. வாத்தியாரம்மா குறித்து வைத்திருந்த டைரி சேற்றில் ஊறிக் கூழாகி விட்டது. போலீஸ் நிலையம் போனார்கள். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பி விட்டார்கள். கடைசியில் தெருப் பெரியவர்கள் உட்கார்ந்து 25 ஆயிரம் என்று பேசி முடித்தார்கள்.

"ரூபாய் பெருசில்ல தம்பி. 'நீங்க பொய் சொல்லுதீய'ன்னு சொல்லிட்டான் பாத்தியளா, அதான் ஆறல" என்றார் வாத்தியாரம்மா.

ஆட்டோக்காரரைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். "என்னையப் பொய்யன்னு சொல்லிட்டாவ, அண்ணே."

யார் பொய்? ஒருவரும் இல்லை. பத்து வருடத்துக் கணக்கு இருவர் ஞாபகத்திலும் வேறு வேறாக இருந்தது. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாடு சட்டம் இப்போது இல்லை. 2017-ம் வருட புதிய வாடகைச் சட்டம் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. இதன்படி வாய்ப்பேச்சு செல்லாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் இந்த வாடகை அதிகாரி. பதிவு செய்ய அரசின் இணையதளமும் இருக்கிறது.

தனியாக வேறு ஏற்பாடு எழுதிக் கொள்ளாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்சு வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து கொடுத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக் கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். எப்போது, எவ்வளவு வாடகை ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி விடுங்கள். தை மாதம் வந்ததும் திடீர் என்று "500 கூட்டு" என்று நிற்க வேண்டாம்.

எந்தச் செலவு யாருக்கு?

பல வீட்டுக்காரர்களுக்கும் தெரியாத விஷயம் இது. சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியலே இருக்கிறது.

சுவர், கூரை போன்ற கட்டடப் பழுது வீட்டுக்காரர் செலவு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்டு அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் வயரிங் செய்வது எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். குடியிருப்பவர் உடைத்ததால் வந்த சேதம் மட்டும் இதில் சேராது.

குழாய் வாஷர், சுவிட்சு, பிளக்கு, பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவையெல்லாம் குடியிருப்பவர் செலவு.

வெள்ளம் குடியிருப்பவர் செய்த சேதம் அல்ல. ஆகவே அந்தப் பின்சுவரைக் கட்ட வேண்டியது வாத்தியாரம்மாதான். அதை அட்வான்சில் கழிக்க முடியாது. இது தெரிந்திருந்தால் பாதிச் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும்.

பியூசைப் பிடுங்காதீர்!

வாடகை தராதவர் வீட்டு பியூசைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது, பூட்டு போடுவது. இதெல்லாம் நம் பக்கத்தில் நடக்கிற வழக்கம்தான். அது தப்பு. கரண்டு, தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பியூசைப் பிடுங்கினால், பாக்கி வைத்தவர் புகார் கொடுப்பவர் ஆகி விடுவார். நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் ஆகி விடுவீர்கள்.

சரியான வழி இதுதான். 2 மாத வாடகை நின்றால் எழுத்து மூலம் நோட்டீசு கொடுங்கள். நோட்டீசு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வரவில்லை என்றால் வாடகைக் கோர்ட்டுக்குப் போய் காலி செய்ய உத்தரவு கேட்கலாம்.

வீட்டைப் பார்க்கப் போவதாக இருந்தாலும் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். "என் வீடு, நான் போவேன்" என்று நடுவீட்டில் போய் நிற்க முடியாது.

ரேஷன் கார்டு பயம்

"வீட்டு விலாசத்துல ரேஷன் கார்டு வாங்கிட்டா வீட்டைப் பிடிச்சிருவான்." "12 வருஷம் இருந்தா வீடு அவனுக்குச் சொந்தம்." இந்தப் பேச்சு எல்லா டீக்கடையிலும் உண்டு. இதற்குப் பயந்தே பலர் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை.

உண்மை தலைகீழ். ரேஷன் கார்டு விலாசத்துக்குத்தான் அடையாளம். வீட்டுக்குப் பட்டா அல்ல. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அதனாலேயே வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகி விட மாட்டார். "இவர் வாடகைக்கு வந்தவர்" என்று காட்ட உங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த ஒப்பந்தம்தான். அதை எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து.

வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை அரசு ரேஷன் கடை மூலம் கொடுத்தது. இங்கே குடியிருந்து, கார்டு மட்டும் வேறு ஊரில் இருந்தவர்கள் அலைந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து போட்டிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஒத்திக்கு விடுவோர் உஷார்

நம் பக்கத்தில் ஒத்திக்கு விடும் வழக்கமும் உண்டு. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக் கொண்டு வீட்டை விடுவது; வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை; காலி செய்யும்போது தொகையை அப்படியே திருப்புவது.

சட்டத்தின் கண்ணில் இது வாடகை அல்ல, அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி என்றாலே பத்திரம் பதிவு செய்ய வேண்டும். 2 சாட்சி வேண்டும். வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி மடித்து பீரோவில் வைத்தால் போதாது. கணக்கு தீர்ந்ததும் ரசீதுப் பத்திரமும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த ஒத்தி நின்று கொண்டே இருக்கும். வீட்டை விற்கப் போனால் விக்கும்.

20 ஆயிரமோ அதற்கு மேலோ கடனையும் டெபாசிட்டையும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. பேங்கு மூலம் வாங்குங்கள். அதுவே சாட்சி.

ஒத்திப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்து விட்டு, வெள்ளத்தில் வீடு இடிந்ததும் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் முழித்தவர்கள் உண்டு. ஒத்திப் பணம் உங்கள் பணம் அல்ல. கடன். அதை மறக்காதீர்கள்.

ஆள் யார்?

2012-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்த, பேங்குக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட 5 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகு வாடகைக்கு இருப்போர் விவரத்தைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்கும்படி சென்னை போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார்.

சின்ன ஊர்தானே என்று இருக்க வேண்டாம். போட்டோ, ஆதார் நகல், வேலை பார்க்கும் இடம், சொந்த ஊரில் தெரிந்த ஒருவர் நம்பர் - இந்த நாலும் வாங்கி வையுங்கள். அதற்காக சாதி கேட்காதீர்கள். வாடகை சாதியைப் பார்த்து வருவதில்லை.

மழைக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்குமுன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

2023-ல் தண்ணீர் ஏறிய தடம் இன்னும் பல சுவரில் தெரிகிறது. மீட்டர், மெயின் சுவிட்சு, பிளக்கு எல்லாவற்றையும் அந்தத் தடத்துக்கு மேலே ஏற்றுங்கள். கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று மாட்டுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், எலக்ட்ரீசியன் பார்த்து சரி என்று சொல்லும்வரை மெயினைப் போட விடாதீர்கள்.

வீடு கொடுக்கும் அன்றே அறை அறையாக செல்போனில் போட்டோ எடுங்கள். எத்தனை பேன், எத்தனை லைட், எந்தச் சுவரில் விரிசல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். தாள் நனையும். ஆகவே அதையும், ஒப்பந்தத்தையும், ரசீதையும் போட்டோ எடுத்து இருவர் செல்போனிலும் வையுங்கள். அந்த டைரிக்கு வந்த கதி உங்கள் டைரிக்கு வர வேண்டாம்.

ஹாரன் சத்தம் இல்லை

வாத்தியாரம்மா சுவரைக் கட்டி விட்டார். வயரிங்கும் மாற்றி விட்டார். இப்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம். ஒப்பந்தம் இருக்கிறது. மாதம் தோறும் ரசீதும் கொடுக்கிறார்.

"முன்னாலயே இதைச் செஞ்சிருக்கலாம்லா?" என்றேன்.

"பிள்ளை மாதிரி இருந்தவன்கிட்ட பேப்பர் கேட்கவான்னு நினைச்சேன் தம்பி. பிள்ளை மாதிரி இருந்ததுனாலதான் கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த ஆட்டோ இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. ஹாரன் அடிப்பதில்லை.