பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு
மர வேலைக்கு வாங்கும் வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது என்பதே முதல் கேள்வி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் டிராக்டருக்குப் பல வேலைகள் உண்டு. நெல் வயலில் சேற்றுழவு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு இழுப்பது. மரவள்ளி நிலத்தில் புழுதியுழவு. இந்த வேலைகளைப் பார்த்து ஓய்ந்த வண்டிகளே பழைய வண்டியாக விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவோரில் பலர் இப்போது மர வேலைக்காக வாங்குகிறார்கள். சமவெளியில் சவுக்கு, தைலமரம், சீமைக்கருவேலம். மலையில் பட்டா நிலத்துப் பலாவும் மற்ற மரங்களும். அறுத்த மரத்தை இழுத்துச் சாலைக்குக் கொண்டுவர டிராக்டர் வேண்டும். மேட்டு நிலத்துக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிப் போக ஜீப் வேண்டும். அறுப்பதற்குச் செயின் சா எனப்படும் விசை ரம்பம் வேண்டும்.

புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பெயிண்டையும் டயரையும் பார்த்து விலை பேசுவதுதான் தவறு. ஒவ்வொரு வேலையும் வண்டியின் ஒவ்வொரு உறுப்பைத் தேய்க்கிறது. வண்டி முன்பு என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால், எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

சேற்றில் உழைத்த வண்டி

கேஜ் வீல் போட்டுச் சேற்றில் ஓடிய டிராக்டரில் முதலில் கெடுவது பின் அச்சின் ஆயில் சீல். சீல் போனால் சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து கியர் ஆயிலில் கலக்கும். கியர் பெட்டியின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பேரிங்குகளும் பல் சக்கரங்களும் அரித்திருக்கலாம். பின் சக்கரங்களின் உட்புறத்தில் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கிங்பின், பேரிங் தேய்மானம் கைக்கே தெரிந்துவிடும்.

கரும்பு இழுத்த வண்டி

பாரம் இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் பின் கொக்கியும் தேய்ந்திருக்கும். உயர்ந்த கியரில் போட்டுப் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அடங்கி நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக் கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத வெட்டவெளியில் மட்டுமே இதைச் சோதிக்க வேண்டும். இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்து மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். கொக்கித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், கொக்கியைத் தாங்கும் இடத்தில் வெல்டிங் போட்டிருந்தாலும் வண்டி அளவுக்கு மேல் இழுத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மர வேலைக்கு இந்த உறுப்புகளே உயிர். மலைச்சரிவில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் கைவிட்டால் அடுத்த யோசனைக்கு நேரம் இருக்காது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் எதையும் காட்டிக் கொடுக்காது. சொல்லாமல் காலையில் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும். கிளம்பியபின் தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் புகுகிறது. பாரம் ஏற்றும்போது கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியையும் டீசல் பம்பையும் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், புகை வேகமாகத் தள்ளிக்கொண்டு வரக் கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது.

ஹைட்ராலிக்கைச் சோதிப்பது எளிது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கலப்பை தரையைத் தொட்டிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. ஹவர் மீட்டரில் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கிளட்ச் மிதியின் ரப்பரும் இருக்கையும் சொல்வதோடு அது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

மாசி பெர்குசன் 1035, மகேந்திரா 275, சுவராஜ் 735 போன்ற 35 முதல் 40 குதிரைத்திறன் வண்டிகள் நாடெங்கும் நெடுங்காலமாக ஓடுகின்றன. எனவே உதிரி பாகமும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பது எளிது. பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் அது மலிவல்ல. மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய், முதல் ஆண்டுப் பழுதுச் செலவைக் கணக்கிட்டு, அதை விலையில் கழித்துக் கேட்பதே முறை.

மலைக்கு ஜீப்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில் பழைய ஜீப்பின் குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும். நான்கு சக்கர இயக்கம் உண்மையில் விழுகிறதா என்பதை மண் சரிவில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். லிவர் நகர்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடிச்சட்டத்தில் துரு, வெல்டிங், வில்பட்டையில் முறிவு ஆகியவற்றைக் குனிந்து பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகளில் எஞ்சினை மாற்றியிருப்பது உண்டு. மாற்றிய எஞ்சினின் எண் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறியிராவிட்டால் அந்தத் தொல்லை வாங்கியவரையே சேரும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது ஆபத்து.

விசை ரம்பம்

பழைய ரம்பத்தை வாங்கும்போது எஞ்சினை அணைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, கிளப்பும் கயிற்றின் பிடியில் தொங்கவிட்டுப் பாருங்கள். விட்டு விட்டு மெல்ல இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. விறுவிறுவென்று இறங்கினால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும். அதில் நெடுக்கில் கீறல் இருந்தால் வாங்க வேண்டாம். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டிய ரம்பம் அது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு பெட்ரோலில் கலக்கும் ஆயில் ஒன்றுதான். 50-க்கு 1 என்று குறித்த ரம்பத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கையேட்டில் உள்ள அளவே சரி. செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதிலுள்ள இரும்புத் தூள் பம்பையும் பட்டையையும் அரிக்கும், தோலுக்கும் கெடுதல்.

அறுக்கும்போது சீவல் விழ வேண்டும். மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை ஆள் அழுத்தத் தொடங்குவார்; விபத்து அங்கேதான் ஆரம்பம். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும். பட்டையின் நுனி மேற்புறம் மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அதை நிறுத்துவது செயின் பிரேக். அது வேலை செய்யாத ரம்பத்தைத் தொடவே கூடாது. 2011 தானே புயலிலும் 2024 பெஞ்சல் புயலிலும் சாய்ந்தவை போல வளைந்து கிடக்கும் மரங்கள் வில் போல விறைத்திருக்கும். அறுபட்டதும் துள்ளும். அவற்றில் பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது.

இழுக்கும் முறை

மரத்துண்டை டிராக்டரின் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மேல் இணைப்பிலோ பின் அச்சிலோ கட்டி இழுத்தால், துண்டு வேரில் சிக்கும்போது முன் சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கம் கவிழ்ந்து ஓட்டுநர் மேலேயே விழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது.

மரத்தூளும் சருகும் ரேடியேட்டரை அடைக்கும். தினமும் மாலையில் தட்டி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். காற்று வடிகட்டியின் ஆயிலில் சேறு படிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

காகிதம் இல்லாத வண்டி வேண்டாம்

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சை மாற்றவும் வாங்குபவர் 14 நாட்களுக்குள் எழுத வேண்டும்.

விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. வண்டியை விற்றாலும், பதிவில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பவர், தாம் ஓட்டாத வண்டிக்காகத் தம் நிலத்தை அடகு வைக்க நேரலாம்.

மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஊர்களில் அனுமதி தேவை. சந்தன மரத்துக்குத் தனி விதிகள் உண்டு. வனக் குற்றத்தில் சிக்கிய வண்டியும் கருவியும் பறிமுதலாகக் கூடும். ஆகவே அறுக்கும் முன்பு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக் கொள்வது நல்லது.

ஆண்டில் சில நாட்களே வேலை இருப்பவர்கள் வாங்கவே தேவையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. ஆண்டு முழுவதும் வேலை இருப்பவர்கள் மட்டும் அவசரப்படாமல், காலையில் போய், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்த்து வாங்கட்டும்.